ஆம்னிட்ரிக்ஸ், வேஷம், நடுகல்: ஏரியூரில் ஒரு வீடியோ கேமின் வரலாறு

தமிழ்ச் சிறுபத்திரிகைகள் சினிமாவைப் பிரதியாகப் படிக்கக் கற்றுக்கொண்டு வெகுகாலம் ஆகிவிட்டது. தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982இல் வெளிவந்தது. எம்.ஜி.ஆரின் பிம்பத்தைப் பற்றி எம்.எஸ்.எஸ். பாண்டியன் எழுதிய ஆங்கில நூல் 1992இல் வந்தது. அதற்குப் பிறகு கதாநாயகன், தன்னிலை, பிம்பம், மற்றமை என்று நாம் பேசாத பேச்சில்லை. ஆனால் திரையின் முன்னால் வெறுமனே உட்கார்ந்து பார்க்காமல் கையில் ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு கதாநாயகனை நடக்கவும் அடிக்கவும் வைத்த ஒரு தலைமுறை நம் கண்ணெதிரே வளர்ந்தது. அதைப் பற்றி நம்மிடம் இருப்பதெல்லாம் இரண்டே வாக்கியங்கள்தான்: 'பசங்க கெட்டுப்போறாங்க', 'எல்லாம் அமெரிக்க ஏகாதிபத்தியம்'. முதலாவதை வாத்தியார்கள் சொல்வார்கள், இரண்டாவதைத் தோழர்கள் சொல்வார்கள். இரண்டும் ஒரே வாக்கியம்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. விளையாடுகிற பையனுக்குச் சொந்தமாக ஒரு மண்டை இருக்கிறது என்பதை இரண்டுமே ஒத்துக்கொள்வதில்லை.

ஏரியூர், தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரத்துக்குத் தெற்கே, மேட்டூர் அணையின் பின்தேக்க நீரை ஒட்டிய பகுதி. இங்கே 2007க்குப் பிறகு பரவிய ஒரு குறிப்பிட்ட விளையாட்டை எடுத்துக்கொண்டு அதன் வரலாற்றை எழுதிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. விளையாட்டின் பெயர் 'பென் டென்: ப்ரொடெக்டர் ஆஃப் எர்த்'. பூமியின் காவலன் என்று சொல்லலாம். எங்கள் பக்கத்தில் யாரும் இப்படி முழுப்பெயர் சொல்லிக் கேட்டதில்லை. 'பெண்டன்' என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். ஏதோ குலசாமியின் பெயர் போல.

முதலில் அதன் வம்சாவளி. 1982இல் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் ஹீ-மேன் என்ற பொம்மையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1983இல் அந்தப் பொம்மைக்காக ஒரு கார்ட்டூன் தொடர் வந்தது. கதை பிறந்து பொம்மை வரவில்லை, பொம்மை பிறந்து கதை வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1984இல் ரீகன் ஆட்சியின் தகவல் தொடர்பு ஆணையம் குழந்தைகள் நிகழ்ச்சிகளில் விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்பைத் தளர்த்தியது. அதற்குப் பிறகு அரைமணி நேரக் கார்ட்டூனுக்கும் அரைமணி நேர விளம்பரத்துக்கும் நடுவே கோடு போட முடியவில்லை. அதே 1984இல் ஈஸ்ட்மன், லெய்ர்ட் என்ற இரண்டு இளைஞர்கள் சொந்தக் காசில், கறுப்பு வெள்ளையில், கேலியாகப் போட்ட ஒரு சிறு காமிக்ஸ் புத்தகம்தான் நிஞ்சா ஆமைகள். ஒருவகையில் அதுவும் ஒரு சிறுபத்திரிகை. 1987இல் அது கார்ட்டூன் தொடராயிற்று. 1989இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் அந்தக் கார்ட்டூனைக் காசு போட்டு ஆடும் எந்திரமாக்கியது. கேலி போய்ச் சரக்கு மிஞ்சியது. கார்ட்டூன் தொடரிலிருந்து பிறக்கும் சாகச விளையாட்டு என்ற வகைமையின் அச்சு அங்கேதான் உறுதிப்பட்டது: ஒரு தெரு, வரிசையாக வரும் அடியாட்கள், இடையில் ஒரு பெரிய வில்லன், அப்புறம் அடுத்த தெரு.

பென் டென் தொடர் 2005 டிசம்பர் கடைசியில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தொடங்கியது. உருவாக்கியவர்கள் 'மேன் ஆஃப் ஆக்‌ஷன்' என்ற பெயரில் இயங்கிய நான்கு காமிக்ஸ் எழுத்தாளர்கள். பத்து வயதுப் பையன் பென் டென்னிசன், கோடை விடுமுறையில் தாத்தா மேக்சுடனும் சித்தப்பா மகள் க்வென்னுடனும் வீடு மாதிரியான ஒரு வண்டியில் அமெரிக்காவைச் சுற்றுகிறான். வானத்திலிருந்து விழுந்த ஆம்னிட்ரிக்ஸ் என்ற கடிகாரம் அவன் மணிக்கட்டில் ஒட்டிக்கொள்கிறது. அதைத் திருகி அமுக்கினால் பத்து வேற்றுக்கிரக உருவங்களில் ஒன்றாக மாறலாம். ஏறக்குறைய பத்து நிமிஷம்தான். அப்புறம் கடிகாரம் சிவப்பாக மின்னும், அவன் மறுபடி பையனாகிவிடுவான். 2007 அக்டோபர் இறுதியில் இதன் விளையாட்டு வடிவம் அமெரிக்காவில் வந்தது. செய்தது ஹை வோல்டேஜ் சாஃப்ட்வேர், வெளியிட்டது டி3 பப்ளிஷர். பிளேஸ்டேஷன் 2, கையடக்கமான பி.எஸ்.பி., நிண்டெண்டோவின் வீ, டி.எஸ். ஆகிய கருவிகளுக்கு வந்தது. இதில் வில்காக்ஸ் என்ற வில்லன் ஆம்னிட்ரிக்ஸின் உருவங்களைப் பறித்துவிடுகிறான். பையன் ஊர் ஊராகப் போய் அவற்றை ஒவ்வொன்றாக மீட்க வேண்டும். இவ்வளவுதான் கதை.

இது எப்படி ஏரியூர் வந்தது? 'உலகமயமாதலால் வந்தது' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம், அது சோம்பேறித்தனம். வந்த வழியில் ஒவ்வொரு படியிலும் ஒரு அரசாணையோ ஒரு திருட்டு வட்டோ இருக்கிறது.

தமிழில் அமானுஷ்ய சக்தி கொண்ட சித்திர நாயகன் புதிதல்ல. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கியபோது அதன் முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'தான். பிரிட்டிஷ் சித்திரக்கதை ஒன்றின் தமிழாக்கம். மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறைந்துபோகும், இரும்புக்கை மட்டும் தெரியும். மேட்டூரில் 1937இலிருந்து மின்சாரம் தயாராகிறது. அந்த அணைக்கு நிலத்தைக் கொடுத்த கரையோரக் கிராமங்களுக்கு மின்கம்பம் வர எத்தனை காலம் பிடித்தது என்பதை அங்கிருக்கும் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். மின்சாரம் என்பதே மாயமாக இருந்த காலத்தின் நாயகன் மாயாவி. அவனை வாசிக்க எழுத்துக் கூட்டத் தெரிந்திருக்க வேண்டும், கையில் காசும் வேண்டும், அல்லது காசு இருக்கிற வீட்டுப் பையன் சிநேகிதனாக இருக்க வேண்டும். கடைசி நிபந்தனையில் சாதி வந்து உட்கார்ந்துகொள்ளும். இரவல் புத்தகம் எல்லா வீட்டு வாசலையும் தாண்டாது.

தொலைக்காட்சி இதை மாற்றியது. ஆனால் உடனே அல்ல. தூர்தர்ஷனில் ஹீ-மேன் வந்த காலத்தில் ஊருக்கு ஒன்றிரண்டு பெட்டிகள்தான். பார்க்கப் போகிறவர்களில் திண்ணையில் யார் உட்கார்வது, வாசலுக்கு வெளியே யார் நிற்பது என்ற கணக்கு திட்டவட்டமாக இருந்தது. 1995இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தது, பிறகு தமிழ் ஒலித்தடமும் சேர்ந்தது. கேபிள் வைத்திருந்தவர்களுக்கு மட்டும். 2006 தேர்தலுக்குப் பின் தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. இந்தத் திட்டத்தை எவ்வளவு கிண்டல் செய்தார்கள் என்பது நினைவிருக்கும். கிண்டல் செய்தவர்கள் வீட்டில் ஏற்கெனவே பெட்டி இருந்தது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். காலனி வீட்டுக்குள் சொந்தத் திரை வந்தபோது வாசலில் நின்று பார்த்த காலம் முடிந்தது. 2007 ஏப்ரலில் சுட்டி டி.வி. தொடங்கியது, குழந்தைகளுக்காக நாள் முழுக்கத் தமிழ். ஜாக்கி சான் தமிழில் பேசிய பேச்சு இன்றைக்கும் முப்பது வயதுக்காரர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. ஆக, அமெரிக்கக் கார்ட்டூன் ஏரியூருக்குள் நுழைந்த பாதையில் பாதி, திராவிட இயக்க அரசுகளின் நலத்திட்டங்கள் போட்ட பாதை. ஏகாதிபத்தியக் கோட்பாட்டில் இந்தப் பாதிக்கு இடம் கிடையாது.

விளையாட்டுக்குக் கருவி வேண்டும். பிளேஸ்டேஷன் 2 வைத்திருந்த வீடு எனக்குத் தெரிந்து எங்கள் வட்டாரத்தில் இல்லை. பென்னாகரத்தில் இருந்த ஒரு கடைக்குத்தான் போவோம். இரண்டு டி.வி., இரண்டு பெட்டி, ஒரு மின்விசிறி, கேரம்போர்டு ஒன்று. வட்டுகள் எல்லாம் திருட்டு வட்டுகள்தான், உறைமேல் பேனாவில் பெயர் எழுதியிருக்கும். காசு மணிக்கணக்கில். நான் அப்போது பள்ளிப்படிப்பை முடிக்கிற வயசு, தம்பி வயசுப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போகிற சாக்கில் நானும் ஆடுவேன்.

இந்த 'மணிக்கணக்கு' என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும். வீடியோ கேமில் 'லைஃப்' என்று ஒரு சொல் உண்டு, உயிர். 1978இல் வந்த ஜப்பானிய எந்திர விளையாட்டான ஸ்பேஸ் இன்வேடர்ஸில் ஆடுபவருக்கு மூன்று உயிர். மூன்றும் போனால் அடுத்த காசைப் போட வேண்டும். அதாவது உயிர் என்பது வாடகையின் அலகு. எவ்வளவு சீக்கிரம் சாகிறாயோ அவ்வளவுக்கு எந்திரக்காரனுக்கு லாபம். விளையாட்டுகள் இவ்வளவு கடினமாக இருந்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம். மரணத்தைக் காசாக்கும் ஏற்பாடு. கொனாமியின் கான்ட்ரா விளையாட்டில் மேல் மேல் கீழ் கீழ் என்று ஒரு ரகசிய வரிசையை அமுக்கினால் 30 உயிர் கிடைக்கும். உலகம் பூராவும் பையன்கள் அதை மந்திரம் போல ஒப்பித்தார்கள், நம் ஊரிலும்தான். வாடகை ஏய்ப்புக்கான மந்திரம் என்று அதைச் சொல்லலாம்.

நம் ஊர்க் கடையில் காசு உயிருக்கல்ல, நேரத்துக்கு. எத்தனை முறை செத்தாலும் கடைக்காரருக்குக் கவலையில்லை. அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பார், 'டேய், டைம் முடிஞ்சுது, எழுந்திரு' என்பார். அமெரிக்கப் பையனுக்குப் பயம் சாவைப் பற்றி என்றால், நம் பையனுக்குப் பயம் கடிகாரத்தைப் பற்றி. இந்த இடத்தில்தான் பென் டென் மற்ற சாகச விளையாட்டுகளிலிருந்து விலகி எங்கள் பையன்களுக்கு நெருக்கமானதாக எனக்குப் படுகிறது. சூப்பர்மேனுக்குச் சக்தி சொத்து, பிறவியிலேயே அவனுடையது. பேட்மேனுக்குச் சக்தி என்பது அப்பன் விட்டுப்போன பணம். பென்னுக்கோ சக்தி மணிக்கணக்கு. ஆம்னிட்ரிக்ஸின் சக்தி தீர்ந்தால், எதிரில் எவன் நின்றாலும் சரி, நீ வெறும் பத்து வயதுப் பையன். அரைமணி நேரக் காசை உள்ளங்கையில் வேர்க்க வேர்க்கப் பிடித்துக்கொண்டு வந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. திரைக்குள் ஒரு கடிகாரம், சுவரில் ஒரு கடிகாரம். இரண்டும் அவனை மறுபடி ஏரியூர்ப் பையனாக்கப் பார்த்துக்கொண்டிருந்தன.

இன்னொன்றும் உண்டு. பென்னின் அப்பா அம்மா கதையில் பெரும்பாலும் வருவதில்லை, தாத்தாதான். அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு இது கதை வசதி. தருமபுரி மாவட்டத்தில் அப்பா அம்மா பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட, தாத்தா ஆயாவோடு வளர்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுக்கு இது கதை வசதியாகத் தெரிந்திருக்காது. விடுமுறை என்றால் வண்டியில் ஊர் சுற்றுவது என்பதுதான் அவர்களுக்கு வேற்றுக்கிரகம்.

உம்பர்ட்டோ எக்கோ 1962இல் சூப்பர்மேன் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு கேள்வி கேட்கிறார். மலையைப் பெயர்க்கக் கூடியவன் ஏன் ஒரு நகரத்துக்குள்ளேயே வங்கிக் கொள்ளையரைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்? ஏன் பசியையோ அநீதியையோ தொடுவதில்லை? அவன் உலகத்தில் தீமை என்பது தனிச்சொத்தின் மீதான தாக்குதலாக மட்டுமே தெரிகிறது என்பது எக்கோவின் பதில். சிலியில் டோர்ஃப்மனும் மட்டலார்ட்டும் 1971இல் டொனால்ட் டக்கைப் படித்ததும் இந்த வழியில்தான். இரண்டும் கூர்மையான வாசிப்புகள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டிலும் வாசகன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். விளையாட்டில் அவன் கை சும்மா இருப்பதில்லை. உலகத்தைக் காப்பாற்று என்று விளையாட்டு சொல்ல, அவன் பெட்டிகளை உடைத்துக்கொண்டு, பாலத்தின் ஓரத்திலிருந்து வேண்டுமென்றே குதித்துப் பார்த்துக்கொண்டு, அரைமணியை வீணடிக்கிறான். இந்த வீணடிப்பு எதிர்ப்பு ஆகாதா என்று உடனே சிலர் கேட்பார்கள். 1990களில் நாம் எல்லாவற்றிலும் எதிர்ப்பைக் கண்டுபிடித்த பழக்கம் அது. எதிர்ப்பு என்று நான் சொல்லவில்லை. அடக்கம் இல்லை, அவ்வளவுதான்.

அந்த விளையாட்டின் நிலைகள் அமெரிக்க வரைபடத்தின் மீது அமைந்தவை: கிராண்ட் கேன்யன், ஏரியா 51, ரஷ்மோர் மலை. அவற்றில் ஒன்று ஹூவர் அணை. மேட்டூர் அணைக்கு எதிர்க்கரையில் வாழ்கிற பிள்ளைகள் ஹூவர் அணையின் மேல் ஓடிக்கொண்டிருந்தார்கள். மேட்டூர் அணையை 1925இல் கட்டத் தொடங்கி 1934இல் முடித்தார்கள். அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஸ்டான்லியின் பெயரை நீர்த்தேக்கத்துக்கு வைத்தார்கள். ஹூவர் அணை வேலை 1931இல் தொடங்கி 1936இல் முடிந்தது. இரண்டும் ஒரே காலத்துக் கான்கிரீட் கனவு. மேட்டூர் நீரில் காவிரிக் கரைக் கிராமங்கள் மூழ்கின. நீர்மட்டம் 120 அடியிலிருந்து வெகுவாக இறங்கும் வருஷங்களில் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி தலை தூக்கும், பழைய கிறிஸ்தவ தேவாலயத்தின் கோபுரமும் தெரியும். ஹூவர் அணையின் நீரில் செயின்ட் தாமஸ் என்ற ஊர் மூழ்கியது. வறட்சியில் அதன் வீட்டு அஸ்திவாரங்களும் வெளியே வந்தன. அணை கட்டும்போது 1931 ஆகஸ்டில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், நிர்வாகம் அதை முறித்தது. அதிகாரபூர்வக் கணக்கிலேயே வேலையில் செத்தவர்கள் 96 பேர்.

விளையாட்டில் இதெல்லாம் இல்லை. அங்கே அணை என்பது காப்பாற்றப்பட வேண்டிய பொருள், உடையக் கூடாத பொருள். அணைக்குக் கீழே வயல் வைத்திருக்கும் தஞ்சாவூர்க்காரனின் பார்வை அது. அணைக்கு மேலே, முழுகிய பக்கத்தில் இருப்பவனின் பார்வை வேறு. நாகமரைத் துறையில் இன்னமும் அக்கரைக்குப் போக நீரைத்தான் கடக்க வேண்டும். ஒட்டனூருக்கும் கோட்டையூருக்கும் நடுவே பாலம் கேட்டு எத்தனை மனுக்கள்! ஹூவர் அணையின் நிலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பையன், 'இதுக்குள்ளாற எத்தன ஊரு முழுவுச்சு?' என்று கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அணை என்றால் ஊர் முழுகும் என்பது அவனுக்குத் தெரியும். விளையாட்டைச் செய்தவர்களுக்குத் தோன்றாத கேள்வி.

வேஷம் பற்றிச் சொல்லாமல் இந்த வட்டாரத்தில் நாயகனைப் பற்றிப் பேச முடியாது. சேலம், தருமபுரிப் பக்கத்துக் கூத்து பற்றி நாம் எழுதியது குறைவு. கூத்தென்றாலே புரிசை என்று 1970களின் இறுதியில் சென்னை நாடகக்காரர்கள் போட்ட பாதையிலேயே போய்க்கொண்டிருந்தோம். ஏரியூர்ப் பக்கத்தில் கர்ண மோட்சமும் பதினெட்டாம் போரும் விடிய விடிய நடக்கிற கூத்துகள். பகலில் கல் உடைக்கிறவர், காடு உழுகிறவர் ராத்திரி கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு ராஜாவாவார். விடிந்தால் முகத்தை எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு டீக்கடையில் நிற்பார். பத்து நிமிஷத்துக்குப் பதிலாக ஒரு ராத்திரி. மற்றபடி ஆம்னிட்ரிக்ஸ்தான். எங்கள் பையன்கள் பென் மாறுகிற காட்சியைப் பார்த்து 'வேஷங் கட்டிட்டான்டா' என்று சொன்னது உவமை அல்ல. அவர்களுக்கு அந்தச் செயலுக்கு இருந்த சொல்லே அதுதான்.

ஆனால் வித்தியாசமும் அங்கேயே இருக்கிறது. அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் நுழையத் தெரிந்தவன், வெளியேறத் தெரியாதவன். வருஷா வருஷம் அவன் சாகிறான். யாரும் அவனை அடுத்த நிலைக்குக் கொண்டுபோவதில்லை. சாவு உறுதி என்று தெரிந்தே ஊர் விழித்திருக்கிறது, பெண்கள் மாரடித்து அழுகிறார்கள். விளையாட்டில் சாவு ஒரு தாமதம், கொஞ்சம் பின்னால் போய் மறுபடி தொடங்கலாம். கூத்தில் சாவுதான் கதை. அடுத்து, கூத்தில் கட்டியக்காரன் உண்டு, எங்கள் பக்கத்தில் கோமாளி. துரியோதனன் மீசை முறுக்கும்போது பக்கத்தில் நின்று அவன் ராஜ்ஜியத்தின் வரி பாக்கியைப் பற்றிப் பேசுவான். தெய்வ வேஷத்தையும் விடமாட்டான். விளையாட்டில் பென்னே நக்கல் பேசுவான், ஆனால் தன்னைப் பற்றி அல்ல, எதிரியைப் பற்றி. நாயகனுக்குப் பக்கத்தில் நின்று நாயகனைக் கேலி செய்யும் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தைக் கடைப் பெஞ்சில் முறை வருவதற்காகக் காத்திருந்தவர்கள் நிரப்பினார்கள். அவர்கள் அடித்த கமெண்டுகளை இங்கே அச்சில் போட முடியாது.

இதோடு சேர்த்து உள்நாட்டு நாயகர்களையும் பார்த்துவிட வேண்டும். 2009இல் சோனி நிறுவனம் 'ஹனுமான்: பாய் வாரியர்' என்ற விளையாட்டை பிளேஸ்டேஷன் 2க்கு வெளியிட்டது. ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜீஸ் செய்தது, அந்தக் கருவிக்காக முழுக்க இந்தியாவிலேயே உருவான முதல் விளையாட்டு என்று அறிவித்தார்கள். உடனே அமெரிக்காவிலிருந்து ராஜன் ஜெட் என்ற இந்து மதப் பிரமுகர் எதிர்ப்புத் தெரிவித்தார். கடவுளை ஒரு கருவியின் பொத்தானால் ஆட்டுவிப்பது அவமதிப்பு என்பது அவர் வாதம். நூற்றாண்டுகளாகக் கிருஷ்ணனை வேஷமாகக் கட்டி, கோமாளியை விட்டுக் கேலி செய்து, பிறகு கற்பூரமும் காட்டுகிற ஒரு மக்கள் மரபுக்கு முன்னால் இந்த வாதம் எவ்வளவு ஏழையாக நிற்கிறது! தெய்வத்தைத் தொடாமல் வைத்திருப்பதுதான் மதம் என்று நினைக்கிறவர்களுக்குத் தொடுதல் பற்றி வேறு கவலைகளும் இருக்கும்.

சோட்டா பீம் கதை இன்னும் முக்கியமானது. ஹைதராபாத்தின் க்ரீன் கோல்ட் அனிமேஷன் செய்த தொடர், 2008இல் போகோவில் தொடங்கித் தமிழிலும் பேசி, பென் டென்னைப் பின்னுக்குத் தள்ளியது. செல்போன் விளையாட்டுகளாகவும் வந்தது. தோலக்பூர் என்ற ஊர், ராஜா, இளவரசி, லட்டு. நாயகன் பீம் வெளுப்பு. அவனைச் சீண்டுகிற தடியனின் பெயர் காலியா, கறுப்பன் என்று பொருள். தோலும் கறுப்பு. ஒரு பெயரிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பென் டென்னில் நான்கு கைகளும் சிவந்த தோலும் கொண்ட பூதம் நாயகனின் உருவமாக இருக்கலாம், உடம்பெல்லாம் தீப்பிடித்தவன் நாயகனாக இருக்கலாம், கொடியும் தண்டுமாகச் செடி போலிருப்பவனும் இருக்கலாம். உள்நாட்டுத் தயாரிப்பில் கறுப்பாக இருக்கிறவன் நாயகனாக இருக்க முடியாது. ஏரியூரில் எந்தப் பையன் வெளுப்பு? விளையாடும்போது காலியாவின் பெயர் யாருக்குப் பட்டப்பெயராக ஒட்டியது என்று பள்ளிக்கூடங்களில் போய்க் கேளுங்கள். சுதேசி என்பதாலேயே ஒன்று விடுதலை தராது என்பதற்கு இதைவிட எளிய சாட்சியம் எனக்குக் கிடைக்கவில்லை.

எம்.ஏ. தமிழ் படித்த எவருக்கும் வீரன் என்றதும் புறத்திணை ஞாபகம் வரும். க. கைலாசபதி 1968இல் வெளிவந்த தன் ஆங்கில நூலில் சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகக் கவிதைகளோடு வைத்துப் படித்தார். அந்தப் புத்தகத்தைத் தாண்டி மண்ணில் நிற்பவை நடுகற்கள், தருமபுரி மாவட்டம் அவற்றால் நிறைந்தது. ஆநிரை கவர வந்தவர்களோடு பொருதோ, கவர்ந்ததை மீட்கும்போதோ, புலியோடு போராடியோ செத்தவன், அவன் பெயர், அவன் யாருடைய சேவகன், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு. அவ்வளவுதான் எழுத்து. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, கள்ளரைக் கடித்துத் தன் எசமானனுக்காக நின்ற நாயையும் பெயரோடு சொல்கிறது. கோவிவன் என்று பெயர். நாய்க்குப் பெயர் கொடுத்த எழுத்து அது. சாகச விளையாட்டில் நாம் அடித்து வீழ்த்துகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, விழுந்ததும் உடலும் மறைந்துவிடும்.

நடுகல்லை நான் புகழ்ந்து பாடவில்லை. யாருக்குக் கல் நடுவது என்பதை முடிவு செய்தவன் மாட்டுக்குச் சொந்தக்காரன். செத்தவன் சேவகன். நிரை கவர்ந்தவன் பக்கத்தில் இருந்து பார்த்தால் கள்ளன் யார் என்பது மாறும். சேர்வராயன், சித்தேரி மலைகளிலிருந்து இறங்கி வந்தவர்களின் வரலாறு கல்லில் இல்லை. எக்கோ சூப்பர்மேனைப் பற்றிச் சொன்ன தனிச்சொத்து விஷயம் ஆறாம் நூற்றாண்டுத் தகடூர் நாட்டுக்கும் பொருந்துகிறது என்பதைத் தமிழ் வீரம் பேசுகிறவர்கள் யோசிக்கலாம்.

இதே மாவட்டத்தில் இன்னொரு விதமான கல்லும் உண்டு. நாயக்கன்கொட்டாயில் அப்பு, பாலன் சிலைகள். 1980இல் போலீசால் கொல்லப்பட்ட பாலன் இந்தப் பகுதியில் கந்துவட்டிக்கும் இரட்டைக் குவளைக்கும் எதிராக இயக்கம் கட்டிய நக்சல்பாரித் தோழர். சொத்தைக் காத்துச் செத்தவனுக்கல்லாமல், சொத்தின் ஒழுங்கைக் கேள்வி கேட்டுச் செத்தவனுக்கு நட்ட கல். அந்தச் சிலைகளுக்குப் பக்கத்து ஊர்தான் நத்தம். 2012 நவம்பர் 7 அன்று, ஒரு காதல் திருமணத்தைக் காரணம் காட்டி, நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் குடியிருப்புகளில் இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளைச் சாதி வெறியர்கள் கொளுத்தினார்கள். ஆட்களைக் கொல்லவில்லை. சாமான்களைத்தான் குறிவைத்தார்கள். பீரோக்கள் உடைக்கப்பட்டன, நகை பணம் போயின, மோட்டார் சைக்கிள்கள் எரிந்தன. பெங்களூர்க் கூலியில் வாங்கியவை. 2013 ஜூலை 4 அன்று இளவரசன் ரயில் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தார்.

கேம் பற்றிய கட்டுரையில் நத்தம் எதற்கு என்று கேட்கலாம். இவன் வைத்திருக்கக் கூடாத பொருள் இவனிடம் இருக்கிறதே என்ற ஆத்திரம்தான் அன்றைக்கு எரித்தது. பொருள் என்பதில் டி.வி.யும் செல்போனும் சேர்த்தி. நுகர்வுக் கலாச்சாரம் என்று நாம் பொத்தாம் பொதுவாகத் திட்டுகிற ஒன்று, வாசலில் நின்று டி.வி. பார்த்தவனின் பேரனுக்குச் சமத்துவத்தின் கைப்பிடியாக இருந்தது. எரித்தவனுக்கு அது தெரிந்திருந்தது, விமர்சகனுக்குத்தான் தெரியவில்லை.

அதற்கப்புறம் கடைகள் மெல்ல மூடின. 2011 செப்டம்பரிலிருந்து அரசு கொடுத்த மடிக்கணினியில் பென் டிரைவ் வழியாகச் சின்னச் சின்ன விளையாட்டுகள் வீட்டுக்குள் வந்தன. 2012 நவம்பரில் ஹென்ரிக் ரிட்கார்ட் என்பவர் பி.பி.எஸ்.எஸ்.பி.பி. என்ற இலவச மென்பொருளை வெளியிட்டார். பி.எஸ்.பி. கருவியின் வேலையைச் செல்போனே செய்யும். 2016க்குப் பிறகு ஜியோவின் மலிவு இணையம் வந்தது. 2007இன் அந்தப் பழைய பென் டென் அழுத்திச் சுருக்கிய ஒரு கோப்பாகக் கைக்குக் கை போயிற்று. தயாரித்த நிறுவனத்துக்கு ஒரு பைசா போகவில்லை. அதன் மிக நீண்ட ஆயுள் இதுதான், சட்டத்துக்கு வெளியே.

இந்த மாற்றத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. பென்னாகரத்துக் கடையில் ஒரு பெண் பிள்ளையையும் நான் பார்த்ததில்லை. தொடரில் க்வென் மந்திரம் கற்கிறாள், பென்னைவிடப் புத்திசாலி, ஆனால் கடிகாரம் அவனிடம்தான். கூத்திலும் திரௌபதி வேஷம் ஆணுக்கே. செல்போன் வந்த பிறகுதான் அண்ணனின் போனை எடுத்துத் தங்கச்சிகள் ஆடத் தொடங்கினார்கள். 2020இல் பள்ளிகள் மூடி ஆன்லைன் வகுப்பு வந்தபோது போன் அதிகாரபூர்வமாகவே அவர்கள் கைக்கு வந்தது. எங்கள் தெருவில் ஒன்பதாவது படித்த ஒரு பெண் ஹூவர் அணையைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டாள். எப்படிப் போனாய் என்று கேட்டேன். 'மாறாமலே அடிக்கலாம், சின்ன ஆளுங்கள. கடிகாரத்தப் பெரிய ஆளுக்கு வெச்சிக்கணும்' என்றாள். போனில் சார்ஜ் பன்னிரண்டு சதவீதம் இருந்தது. அண்ணன் வேலைக்கூட்டத்தோடு பெங்களூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான், போனைக் கேட்டு வாசலில் நின்றான்.